ஹைட்ரஜனுக்குக் காட்டிய கற்பூரம்

திருவண்ணாமலையில் ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்தில் காலமெல்லாம் சாக்பீஸ் தூளைத் தின்றவள் நான். விஞ்ஞான டீச்சர். கோபக்காரி என்று பெயர் எடுத்தவள். அந்தப் பெயரை நான் ஒருநாளும் மறுத்ததில்லை. கோபப்பட வேண்டிய இடத்தில் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றவர்கள் எல்லாம் விருது வாங்கிப் போட்டோவை மாட்டிக்கொண்டார்கள். எனக்கு ரத்தக்கொதிப்பு வந்ததுதான் மிச்சம். காலையில் ஒரு மாத்திரை, ராத்திரி ஒரு மாத்திரை.

எழுபதுகளின் கடைசியில் பிளஸ் டூ வந்தது. எங்கள் பள்ளியையும் மேல்நிலைப் பள்ளி ஆக்கினார்கள். வாசலில் புதுப் போர்டு வைத்தார்கள். ஆனால் பதினொன்றாம் வகுப்பில் எங்கள் பெண்களுக்குக் கிடைத்தது வரலாறு, தையல், டைப்ரைட்டிங். சயின்ஸ் குரூப் கிடையாது. அது வேண்டுமென்றால் ஆண்கள் பள்ளிக்குப் போய்ப் பையன்களோடு உட்கார வேண்டும். எந்த அப்பன் அனுப்புவான்? ஆக, பத்தாவதில் வேதியியலில் நூற்றுக்குத் தொண்ணூறு வாங்கிய பெண்ணும் ஜூன் மாதம் வந்தால் ஜாக்கெட்டுக்கு அளவெடுக்கக் கற்றுக்கொள்ள வேண்டியதுதான். வருஷாவருஷம் இதைப் பார்த்துப் பார்த்து எனக்கு வயிறெரிந்தது.

பள்ளிக்குத் தாளாளர் ஒருவர் இருந்தார். தேரடித் தெருப் பக்கம் பெரிய பாத்திரக்கடை. நல்ல மனுஷர் என்றுதான் ஊரில் பேச்சு. கோயிலுக்குச் செய்வார், அன்னதானத்துக்குச் செய்வார், யார் கல்யாணம் என்றாலும் ஒரு குத்துவிளக்கு கொடுத்தனுப்புவார். சயின்ஸ் குரூப் கேட்டு நான் அவரிடம் எத்தனை தடவை போய் நின்றேனோ கணக்கில்லை. "பாக்கலாம்மா" என்பார். ஒருநாள் என் தொல்லை தாங்காமல், "ஒரு எக்ஸிபிஷன் வையுங்க. பொம்பளப் புள்ளைங்களால இதெல்லாம் செய்ய முடியும்னு கமிட்டிக்காரங்க கண்ணால பாக்கட்டும். வர்ற வருஷமே குரூப்பு தொறந்துடலாம்" என்றார். சொன்னதோடு நிற்காமல், தாமிரமோ பித்தளையோ எது வேண்டுமோ கடையில் எடுத்துக்கொள்ளுங்கள் என்றும் சொன்னார். அன்று வீட்டுக்கு நடந்து வரும்போது எனக்குத் தரையில் கால் பாவவில்லை. அப்படி ஒரு சந்தோஷம் பட்டேன் என்பதை இப்போது நினைத்தாலும் எரிச்சலாக இருக்கிறது.

மின்சாரமும் தனிமங்களும் எப்படிக் கண்டுபிடிக்கப்பட்டன என்பதைச் செய்து காட்டுவதென்று முடிவு செய்தேன். பாடப்புத்தகத்தில் அந்த மனிதர்களுக்கு ஆளுக்கு ஒரு வரிதான். பெயர், நாடு, கண்டுபிடித்தது. ஒரு மதிப்பெண் கேள்வி. பெண்கள் அதை மனப்பாடம் செய்து பரீட்சையில் கொட்டிவிட்டு வந்து அடுத்த நாளே மறந்துவிடுவார்கள். வாயில் நுழையாத பெயர்களைத் தூக்கிப் போடுங்கள் என்று சொல்லிவிட்டேன். பெண்களே அவர்களுக்குப் பட்டப்பெயர் வைத்தார்கள்.

எல்லோருக்கும் முந்தியவர் வெட்கக்காரர். இங்கிலாந்தில் பெரும் பணக்காரர். உலோகத்தின் மேல் அமிலத்தை ஊற்றி, கிளம்பிய வாயுவைப் பிடித்து, இது காற்று இல்லை, வேறு ஒன்று, இது எரிகிறது என்று முதலில் உலகத்துக்குச் சொன்னவர். அதுதான் ஹைட்ரஜன். ஆனால் வீட்டு வேலைக்காரியின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டு, சாப்பாட்டுக்கு என்ன வேண்டும் என்று சீட்டெழுதி மேசையில் வைத்துவிட்டுப் போவாராம். பெண்கள் கண்ணில் படாமலிருக்கத் தனி மாடிப்படியே கட்டிக்கொண்டாராம். இதைச் சொன்னபோது வகுப்பே சிரித்தது. "நம்ம டிராயிங் சார் மாதிரி" என்றாள் ஒருத்தி.

அப்புறம் தவளைக்காரர். இத்தாலி நாட்டுக்காரர். தவளைக்காலைப் பித்தளைக் கொக்கியில் மாட்டி இரும்புக் கம்பியில் தொங்கவிட்டபோது செத்த கால் துடித்தது. மின்சாரம் தவளையின் உடம்புக்குள் இருக்கிறது என்று சாகும்வரை நம்பினார். அதே நாட்டில் இன்னொருவர், அடுக்குக்காரர், தவளையில் ஒன்றும் இல்லை ஐயா, இரண்டு வேறு வேறு உலோகமும் நடுவில் ஈரமும் இருந்தால் போதும் என்று சொல்லி, வில்லை வில்லையாக அடுக்கி மின்சாரத்தை வரவழைத்துக் காட்டினார். அவர் அடுக்கின செய்தி கேட்ட கையோடு இங்கிலாந்தில் இரண்டு பேர் அதே போல அடுக்கித் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்ஸிஜனாகவும் பிரித்துவிட்டார்கள். பின்னால் வந்தவர் ஆட்டக்காரர். சாம்பல் உப்பை உருக்கி மின்சாரம் விட்டு அதிலிருந்து பொட்டாசியத்தைப் பிரித்தவர். அந்த உலோகத் துளி வெளியே வந்து குப்பென்று பற்றிக்கொண்டதைப் பார்த்ததும் அறையைச் சுற்றிச் சுற்றி ஆடினாராம். வேறொரு சமயம் ஏதோ வெடித்துக் கண்ணில் காயம் பட்டது அவருக்கு. வெடித்ததற்காக யாரும் அவருடைய ஆய்வுக்கூடத்தைப் பூட்டவில்லை. பட்டம் கொடுத்தார்கள், சிலை வைத்தார்கள்.

வரிக்காரர் பிரான்ஸ் நாட்டுக்காரர். ஹைட்ரஜனுக்கும் ஆக்ஸிஜனுக்கும் பெயர் வைத்தவரே அவர்தான். பிழைப்புக்கு வரி வசூல் பார்த்தார். புரட்சி வந்தபோது அதற்காகத் தலையை வெட்டிவிட்டார்கள். அவர் மனைவி கூடவே இருந்து கருவிகளைப் படம் வரைந்து, குறிப்பெழுதி, இங்கிலீஷ் புத்தகங்களை மொழிபெயர்த்துக் கொடுத்தவள். நான் இதைச் சொல்லி முடித்ததும் ஒரு பெண் எழுந்து நின்றாள். செங்கம் ரோட்டில் வாடகை சைக்கிள் கடை வைத்திருந்தவருடைய மகள்.

"அந்தம்மா பேரு புக்குல எங்க டீச்சர் இருக்குது?"

"இல்லம்மா."

"ஏன் டீச்சர்?"

"எடம் பத்தலையாம்" என்றேன். அவள் சிரிக்கவில்லை. உட்கார்ந்து, அந்தம்மாவுக்கு என்று ஒரு பட்டப்பெயர் யோசித்துக்கொண்டிருந்தாள் போல. கடைசியில் 'எழுதினவங்க' என்று வைத்தாள்.

அந்தப் பெண்ணைப் பற்றிச் சொல்ல வேண்டும். கேள்வி கேட்டுக் கேட்டு என் பிராணனை வாங்குவாள். ஆசிரமத்துக்கு வரும் வெள்ளைக்காரர்கள் அவள் அப்பா கடையில்தான் சைக்கிள் எடுப்பார்கள். அவர்களில் ஒருவர் இத்தாலிக்காரர் என்று தெரிந்ததும் போய், தெரிந்த இங்கிலீஷில், உங்கள் ஊர்த் தவளைக்காரரைத் தெரியுமா என்று கேட்டிருக்கிறாள். அந்த ஆள் பயந்துபோய் சைக்கிளை வேறு கடையில் எடுக்க ஆரம்பித்துவிட்டார். தன்னையே தேடிக்கொண்டு இவ்வளவு தூரம் வந்தவருக்குத் தவளையைப் பற்றி என்ன கவலை. அவள் அப்பா என்னிடம் வந்து குறை சொன்னார், ஆனால் முகத்தில் பெருமைதான் இருந்தது. "இங்கயே சயின்ஸ் குரூப்பு வந்தா படிக்க வெக்கறேன் டீச்சர். ஆம்பளப் பசங்க ஸ்கூலுக்கு மட்டும் அனுப்ப முடியாது. எங்க ஜனங்க காறித் துப்புவாங்க" என்றார். ஆக, அவளுக்கு அந்த எக்ஸிபிஷன் வெறும் எக்ஸிபிஷன் இல்லை. அது ஒழுங்காக நடந்தால் அவள் வேதியியல் படிப்பாள். இல்லாவிட்டால் டைப் அடிப்பாள். இது எனக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும்.

கடையில் நசுங்கிப்போன தாமிரத் தவலைகளை வெட்டி வட்ட வட்டமாக வில்லைகள் செய்து கொடுத்தார்கள். துத்தநாகத்துக்கு நாங்கள் எங்கும் போகவில்லை. ரேடியோவிலும் டார்ச் லைட்டிலும் போட்டுத் தீர்ந்துபோன செல்களைப் பெண்கள் வீடு வீடாகக் கேட்டு வாங்கிவந்தார்கள். செல்லைச் சுற்றியிருக்கும் தகடு துத்தநாகம்தான். அதை வெட்டித் தட்டி நிமிர்த்தினோம். உள்ளே இருக்கும் கரிக்குச்சியும் உதவியது. மை ஒற்றும் காகிதத்தை உப்புத் தண்ணீரில் நனைத்து, தாமிரம், காகிதம், துத்தநாகம், மறுபடி தாமிரம் என்று அடுக்கினோம். மேலிருந்தும் கீழிருந்தும் ஒவ்வொரு கம்பி. இரண்டு கம்பியையும் நாக்கில் வைத்துப் பார்த்த பெண், "புளிக்குது டீச்சர்!" என்று கத்தினாள். அப்புறம் எல்லோரும் வரிசையில் நின்று நாக்கை நீட்டினார்கள். கம்பிகளைக் கரிக்குச்சியில் கட்டித் தண்ணீரில் விட்டபோது, கொஞ்ச நேரம் கழித்துக் குச்சியைச் சுற்றிப் பொடிப்பொடியாகக் குமிழ் கிளம்பியது. சைக்கிள் கடைக்காரர் மகள் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு சட்டென்று தாவணியை இழுத்துச் செருகிக்கொண்டு மேசையைச் சுற்றி ஓர் ஆட்டம் போட்டாள். ஆட்டக்காரர் மாதிரியாம். அன்றைக்கு நானும் சிரித்தேன்.

மூன்று மேசைகள் போட்டோம். நடு மேசையில் அடுக்கு, கடைசி மேசையில் தண்ணீர் பிரிவது, முதல் மேசையில் வெட்கக்காரரின் ஹைட்ரஜன். கண்ணாடிக் குடுவைக்குள் துத்தநாகத் துண்டுகள். புனல் வழியாகத் தண்ணீர் கலந்த அமிலத்தை ஊற்றினால் நுரைத்துக்கொண்டு ஹைட்ரஜன் கிளம்பி, பக்கவாட்டுக் குழாய் வழியாக வெளியே வரும். அதைச் சின்னக் குழாயில் பிடித்துத் தூரத்தில் கொண்டுபோய் எரியும் குச்சியைக் காட்டினால் 'பப்' என்று சத்தம் கேட்கும். அவ்வளவுதான். இதில் ஒரே ஒரு ஆபத்து உண்டு. தொடக்கத்தில் குடுவைக்குள் காற்று இருக்கும். ஹைட்ரஜனும் காற்றும் கலந்திருக்கும்போது குழாய் வாயில் நெருப்புப் பட்டால் குடுவையே வெடிக்கும். அதனால் மேசைக்கு அருகே தீக்குச்சிகூடக் கூடாது என்று நான் அடித்துச் சொல்லியிருந்தேன். அமிலம் அளக்க அளவுக் குவளை வைத்து, எந்தக் கோடுவரை ஊற்ற வேண்டும் என்று காட்டியிருந்தேன். ஊற்றுகிற பொறுப்பு சைக்கிள் கடைக்காரர் மகளுக்கு. அவளைப் போலப் பதமாக ஊற்ற எனக்கே வராது.

கார்த்திகை தீபம் முடிந்து வெளியூர்க் கூட்டம் கலைந்திருந்தது. மலைமேல் கொப்பரையில் தீபம் இன்னும் எரிந்துகொண்டிருந்த நாட்கள். தாளாளர் வருவதற்குத் தாமதமானது. தலைமையாசிரியை அம்மாவுக்குக் கையும் காலும் ஓடவில்லை. "சார் வந்தா எல்லாம் ரெடியா ஓடிக்கிட்டிருக்கணும். ஊத்தச் சொல்லுங்க" என்றார். கார் சத்தம் கேட்டதும் அவரே அந்தப் பெண்ணைப் பார்த்து 'ஊத்தும்மா' என்று சைகை காட்டிவிட்டு வாசலுக்கு ஓடினார். அவள் அளந்து, ஊற்றினாள். நுரைக்க ஆரம்பித்தது.

தாளாளர் பட்டு வேட்டியும் பொன்னாடையுமாக உள்ளே வந்தார். கமிட்டிக்காரர்கள் பின்னால் வர, கூடவே கடைக் கணக்கப்பிள்ளை. அவர் கையில் தாம்பாளம். அதில் தேங்காய், பழம், கற்பூரம். எனக்குத் திக்கென்றது.

நம் ஊரில் புது லாரி வந்தால் கற்பூரம் காட்டுவோம், புது கிரைண்டர் வந்தால் கற்பூரம் காட்டுவோம். பஸ் டிரைவர் காலையில் ஸ்டியரிங்குக்குக் காட்டிவிட்டுத்தான் வண்டியை எடுப்பார். தன் கடைத் தாமிரத்தில் செய்த ஒரு எந்திரம், அதற்குக் காட்டாமல் எப்படித் தொடங்குவது? அவருக்கு அதில் கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அதுதான் எனக்கு இன்னமும் ஆத்திரமாக இருக்கிறது. கெட்ட எண்ணம் இருந்திருந்தால் திட்டியாவது தீர்த்திருப்பேன்.

நான் குறுக்கே போனேன். "சார், இங்க தீ வேணாம் சார். வெளிய காட்டிடுங்க" என்றேன்.

அவர் கோபப்படவில்லை. சிரித்தார். "மலை மேல தீபம் எரியுது. அண்ணாமலையார் ஊர்ல தீ வேணாம்னு சொல்ற ஒரே ஆளு நீங்கதாம்மா" என்றார். கமிட்டிக்காரர்கள் எல்லோரும் சிரித்தார்கள். "இல்ல சார், கேஸ் வருது, வெடிச்சிடும்" என்று நான் ஆரம்பிக்கும்போதே தலைமையாசிரியை என் முழங்கையைப் பிடித்து அழுத்தினார். "அபசகுனமா பேசாதீங்க டீச்சர்" என்று காதில் சொன்னார். கணக்கப்பிள்ளை கற்பூரத்தைக் கொளுத்தினார். ஒருவர் மணியை அடிக்கத் தொடங்கினார்.

தாளாளர் தட்டை வாங்கி அடுக்குக்குக் காட்டினார். அதோடு விட்டிருக்கலாம். ஆனால் ஒன்றுக்குக் காட்டி மற்றதை விடக்கூடாதாம். கடைசி மேசைக்குப் போனார், காட்டினார். பிறகு முதல் மேசைக்குத் திரும்பினார். நான் தலைமையாசிரியையின் கையை உதறிவிட்டு ஓடினேன். "தள்ளுங்க, தள்ளுங்க!" என்று கத்தினேன். மணிச் சத்தத்தில் என் குரல் எனக்கே கேட்கவில்லை. சாமிக்குச் சுற்றுகிற மாதிரி குடுவையை நிதானமாகச் சுற்றினார். ஒரு சுற்று. அடுத்த சுற்றில் ஜுவாலை குழாயின் வாயைத் தொட்டது.

சத்தம் பெரிய சத்தம். குடுவை இருந்த இடத்தில் குடுவை இல்லை. தாளாளருக்குப் புருவம் பொசுங்கியது, பொன்னாடையில் பொத்தல் விழுந்தது. அந்தப் பெண் குடுவைக்கு நேர் பின்னால் நின்றிருந்தாள். இடது கன்னத்தில் கண்ணாடி கிழித்து, கை நெடுக ரத்தம். நல்லவேளை, கண் தப்பியது. நான் அவளை அள்ளிக்கொண்டு குழாயடிக்கு ஓடி முகத்தில் தண்ணீரை அடித்துக் கழுவினேன். திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை பேரும் தாளாளரைச் சுற்றி விசிறிக்கொண்டு நிற்கிறார்கள். ரிக்‌ஷா கூப்பிட ஆளில்லை. நான்தான் தெருவில் இறங்கிக் கூப்பிட்டேன்.

ஆஸ்பத்திரியில் தையல் போட்டார்கள். அவள் அழவில்லை.

என்ன நடந்தது என்று விசாரிக்கக் கமிட்டி கூடுவதாகச் சொன்னார்கள். நான் தயாராக இருந்தேன். குழாய், காற்று, ஹைட்ரஜன், கற்பூரம் என்று படம் போட்டு விளக்கி, இனி நெருப்பில்லாமல் செய்தால் ஒரு ஆபத்தும் இல்லை, குரூப்பைத் தொடங்குங்கள் என்று நறுக்கென்று கேட்டுவிடுவதாக இருந்தேன். உண்மை என் பக்கம் இருந்தது. உண்மை இருந்தால் போதும் என்று நினைக்கிற வயசு.

அதற்கு முதல் நாள் சாயங்காலம் அந்தப் பெண்ணின் அப்பா என் வீட்டுக்கு வந்தார். சண்டை போடத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். போட்டிருந்தால் தேவலை. உட்காரச் சொன்னேன், உட்காரவில்லை.

"டீச்சர், நாளைக்கு மீட்டிங்ல கற்பூரத்தால வெடிச்சுதுன்னு மட்டும் சொல்லாதீங்க."

"அதனாலதாங்க வெடிச்சுது."

"இருக்கட்டும். எங்க தெருவுல இப்பவே பேச்சு கெளம்பிடுச்சு. சாமிக்கு ஏத்தின கற்பூரம் எம்பொண்ணு கை பட்டதும் வெடிச்சுதாம். சாமியே அவளை ஏத்துக்கலயாம். ஜாதகத்துல தோஷமாம். நீங்களும் கற்பூரம்னு சொல்லிட்டா அவ்ளோதான், அதுவே ஊர்ஜிதமாயிடும். நாளைக்கு அவளை எவன் டீச்சர் கட்டுவான்?" துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார். "ஆசிட்டு ஜாஸ்தியாயிடுச்சுன்னு சொல்லிடுங்க. உங்க கால்ல வேணா விழறேன். நான் வந்து கேட்டேன்னு அவளுக்குத் தெரிய வேணாம்."

நான் எவ்வளவோ சொன்னேன். ஹைட்ரஜனுக்குச் சாமியும் தெரியாது, ஜாதகமும் தெரியாது என்றேன். அவர் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டார். கேட்டுவிட்டு மறுபடியும் அதையே சொன்னார். அந்த முகத்தைப் பார்த்துவிட்டு என்னால் முடியாது என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

மறுநாள் பாத்திரக்கடை மாடியில் கமிட்டி கூடியது. "ஆசிட் ஜாஸ்தியாயிடுச்சு. என் கவனக்குறைவு" என்றேன். அவ்வளவுதான் பேசினேன். தாளாளர் பெருமூச்சு விட்டார். காப்பி சொன்னார். "மனுஷங்கன்னா தப்பு வரத்தான் செய்யும். டீச்சரை யாரும் ஒன்னும் சொல்லக்கூடாது" என்று பெருந்தன்மையாக என்னை மன்னித்தார். பாதி புருவத்தோடு அவர் என்னை மன்னித்ததை நான் நின்றுகொண்டே வாங்கிக்கொண்டேன். பிறகு கமிட்டிக்காரர் ஒருவர், "டீச்சரே ஒத்துக்கிட்டாங்க. இவங்களுக்கே கை தவறுதுன்னா, பொம்பளப் புள்ளைங்க கையில ஆசிட்டைக் குடுக்கறது எப்படிங்க? சயின்ஸ் குரூப்புப் பேச்சே இப்ப வேணாம்" என்றார். எல்லோரும் சரி என்றார்கள். தலைமையாசிரியை மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். காப்பி வந்தது. நான் குடிக்கவில்லை.

எங்கள் சின்ன ஆய்வுக்கூடத்தைப் பூட்டினார்கள். பூட்டுவதற்கு முன் ஐயரை வைத்து ஏதோ பரிகாரம் செய்தார்கள் என்று கேள்வி. அதன்பிறகு நான் வெறும் கரும்பலகையை வைத்து வேதியியல் நடத்தினேன். அடுப்பு மூட்டாமல் சமையல் சொல்லிக் கொடுப்பது போலத்தான். அந்தப் பெண் தையல் பிரித்ததும் வகுப்புக்கு வந்தாள். கடைசி பெஞ்சுக்குப் போய் உட்கார்ந்தாள். ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை. கன்னத்துத் தழும்பை நினைத்துக் கூச்சப்படுகிறாள் என்று நான் நினைத்துக்கொண்டேன். என் முகத்தை அவள் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நானும் அவளைக் கூப்பிட்டுப் பேசவில்லை, அவள் அப்பா வந்து கேட்டது வாய்தவறி வந்துவிடுமோ என்று பயந்துகொண்டு.

பத்தாவதில் வேதியியலில் அவள்தான் பள்ளிக்கு முதல். ஜூனில் டைப்ரைட்டிங் எடுத்தாள். படிப்பு முடிந்ததும் வரன் பார்த்தார்கள். தழும்பைப் பார்த்து இரண்டு இடம் தட்டிப்போனது. நான் எதைக் காப்பாற்றப் பொய் சொன்னேனோ அதுவும் முழுசாகக் காப்பாற்றப்படவில்லை. கடைசியில் போளூர்ப் பக்கம் ஒரு நெல் மண்டியில் வேலை பார்க்கிறவருக்குக் கொடுத்தார்கள். எனக்குப் பத்திரிகை வரவில்லை.

எண்பதுகள் முடிகிற சமயத்தில் தாளாளருடைய பேத்தி எங்கள் பள்ளியிலேயே பத்தாவது முடித்தாள். நல்ல மார்க். டாக்டருக்குப் படிக்க வேண்டும் என்று வீட்டில் ஆசை. ஆண்கள் பள்ளிக்கு அனுப்ப அவருக்கும் மனசில்லை. சைக்கிள் கடைக்காரருக்கு இருந்த அதே கஷ்டம்தான். ஆனால் இவருக்கு இருந்தது சொந்தப் பள்ளிக்கூடம். அந்த ஜூனிலேயே சயின்ஸ் குரூப் வந்துவிட்டது. புது ஆய்வுக்கூடம், புது மேசைகள், கேஸ் குழாய், அலமாரி நிறைய குடுவைகள். "பெண்கள் விஞ்ஞானம் படித்தால்தான் நாடு முன்னேறும்" என்று தாளாளர் திறப்பு விழாவில் பேசினார். நன்றாகத்தான் பேசினார்.

பேசி முடித்ததும் தாம்பாளத்தில் கற்பூரம் கொளுத்தினார்கள். மணி அடித்தது. அவர் தட்டை வாங்கிக்கொண்டு ஆய்வுக்கூடத்தின் வாசல்வரை வந்தார். வாசல்படியில் நின்றார். நிலைப்படிக்கு வெளியிலேயே மூன்று சுற்றுச் சுற்றினார். பின்னாலிருந்து யாரோ, "உள்ள வந்து காட்டுங்க சார்" என்றார்கள்.

"வேணாம் வேணாம்" என்றார் அவர், பதறிப்போய். "உள்ள கேஸ் இருக்கும். தீ கொண்டு போகக்கூடாது. கொழந்தைங்க படிக்கிற எடம்."

நான் அவருக்கு மிக அருகில் நின்றிருந்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. ஆக, தெரிந்திருக்கிறது. எது வெடித்தது, எதனால் வெடித்தது என்று இந்த மனுஷருக்கு அன்றைக்கே தெரிந்திருக்கிறது. தெரிந்துகொண்டே காப்பி சொல்லி என்னை மன்னித்திருக்கிறார். விழாவில் கொடுத்த லட்டை வாசலில் நின்ற மாட்டின் முன்னால் போட்டுவிட்டு நேராகச் செங்கம் ரோட்டுக்கு நடந்தேன். அந்த அப்பனிடமாவது இதைச் சொல்லிக் கொட்டிவிட வேண்டும் போலிருந்தது. வேறு யாரிடம் சொல்வது?

கடையில் அவர் ஒரு சைக்கிளைக் கவிழ்த்து வைத்துச் சக்கரத்தின் கோட்டம் எடுத்துக்கொண்டிருந்தார். பக்கத்தில் ஸ்டூலில், மடியில் குழந்தையோடு அவருடைய மகள். பிறந்த வீட்டுக்கு வந்திருக்கிறாள். உடம்பு கொஞ்சம் பெருத்திருந்தது. தழும்பு வெளுத்து, அதுவும் முகத்தின் ஒரு பாகம் மாதிரி ஆகியிருந்தது. என்னைப் பார்த்ததும் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு எழுந்து நின்றாள், வகுப்பில் நிற்கிற மாதிரியே.

"சயின்ஸ் குரூப்பு தொறந்துட்டாங்களாமே டீச்சர். அப்பா சொன்னாங்க."

"ஆமாம்மா. இப்பதான் வரேன்."

அவள் குழந்தையின் முதுகைத் தட்டிக்கொடுத்தாள். பிறகு தலை குனிந்தபடி, "உங்ககிட்ட ஒரு மன்னிப்புக் கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிட்டிருக்கேன் டீச்சர்" என்றாள்.

"எதுக்கும்மா?"

"ஆசிட் ஜாஸ்தியாயிடுச்சுன்னு நீங்க கமிட்டியில சொன்னீங்களாமே. ஊத்தினது நான்தானே டீச்சர். எம்பேரைச் சொல்லாம உங்க மேல போட்டுக்கிட்டீங்க. கோடு வரைக்கும்தான் ஊத்தினதா எனக்கு ஞாபகம். ஆனா நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும். எங்கையால கெட்டுது. என்னாலதான் அந்த வருஷம் யாருக்குமே குரூப்பு கெடைக்கல. அதுக்கப்புறம் உங்க மூஞ்சியப் பாக்கவே எனக்குத் தைரியம் வரல."

தாளாளரும் கமிட்டியும் என் மண்டையிலிருந்து போய்விட்டார்கள். கடைசி பெஞ்சில் அவள் தலை குனிந்து உட்கார்ந்திருந்த அந்த மாதங்கள்தான் கண்ணெதிரே நின்றன. ஊற்றியது யார் கை என்று கமிட்டியில் பேசிய நான் ஒரு நிமிஷம்கூட நினைத்துப் பார்க்கவில்லை.

"நீ சரியாத்தான் ஊத்தின" என்றேன். "ஒரு சொட்டு ஜாஸ்தி இல்ல, ஒரு சொட்டு கம்மி இல்ல. வெடிச்சது கற்பூரத்தாலம்மா. கற்பூரத்தால மட்டும்தான்."

அவள் நிமிர்ந்து என்னைப் பார்த்தாள். அத்தனை வருஷத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் பார்த்தாள்.

"அப்ப ஏன் டீச்சர் அப்பிடிச் சொன்னீங்க?"

என் கண் தானாகச் சக்கரத்தின் பக்கம் போனது. அவள் அப்பா கோட்டம் எடுப்பதை நிறுத்தியிருந்தார். ஆனால் தலையைத் தூக்கவில்லை. அவள் என்னையும் அவரையும் மாறி மாறிப் பார்த்தாள். பிறகு குழந்தையை அடுத்த இடுப்புக்கு மாற்றிக்கொண்டு, உள்ளே போய்விட்டாள்.